சர்ச் மைக்கில் உமாராணி

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஆட்கள் ஓடைக்கரைப்பட்டியில் நிறைய உண்டு. அதில் முதல் ஆள் சாமித்துரை. நல்ல உழைப்பாளி, அதில் குறை சொல்ல முடியாது. நாலு ஏக்கர் கரிசலில் உளுந்து விதைத்துவிட்டுக் களை தலைகாட்ட விடமாட்டான். ஆனால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் அவன் நாக்குக்குப் பிரேக் கிடையாது. ஒற்றை மகள் உமாராணியைக் கோவில்பட்டியில் ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. சேர்த்துவிட்டு வந்த அன்றும் அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்தான்.

"நம்ம சர்ச் பள்ளிக்கூடத்துல என்னலே இருக்கு? உப்புமாவும் ஜெபமும். எம் மக இனி டை கட்டி வேன்ல போவா."

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் அந்தப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கற்றவர்கள். சாமித்துரையும் அங்கேதான் கற்றான். அதை மட்டும் அவன் சொல்லவில்லை.

ஊரில் கிறிஸ்தவக் குடும்பங்கள் நாலோ ஐந்தோதான். மற்றவை எல்லாம் காளியம்மனுக்குக் கொடை விழா எடுக்கிற வீடுகள். ஆனாலும் சர்ச்சை ஒட்டி இருக்கிற அந்த இரண்டு அறைப் பள்ளிக்கூடம் எல்லோருக்கும் பொது. விடிந்தும் விடியாமலும் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். பிள்ளைகளை யாரிடம் விடுவது? தலைமையாசிரியை ஜெபக்கனி டீச்சர் வேனுக்கு முன்னாலேயே கேட்டைத் திறந்து வைத்திருப்பார். தலை வாராமல் வந்த பிள்ளைக்கு அங்கேயே சடை போடுவார்கள், பசியோடு வந்த பிள்ளைக்கு அங்கேயே சாப்பாடு.

இதெல்லாம் போக இன்னொரு சங்கதியும் உண்டு. காலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை சர்ச் மைக்கில் செய்தி வாசிக்கும். உளுந்து என்ன விலை, இன்றைக்குக் கரண்ட் நிறுத்துவார்களா, ரேஷன் கடையில் பருப்பு வந்துவிட்டதா, மழை உண்டா? சர்ச் கோபுரத்துக் குழாயில் வருகிற குரலைக் கேட்டுத்தான் புஞ்சையில் நிற்பவர்கள் அன்றைய வேலையை முடிவு செய்வார்கள். இது யார் பிள்ளையின் குரல் என்று சொல்வதில் அவர்களுக்குள் போட்டி வேறு.

உமாராணி மூன்றாம் வகுப்புக்குப் போன வருடம் ஐப்பசியில் மழை பலமாகப் பிடித்தது. நனைந்த கரிசல் என்ன செய்யும் என்று கோவில்பட்டி டிரைவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தேதான் வேனை ஊர்ப்பாதையில் இறக்கினான். அச்சு வரை புதைந்த வண்டியை டிராக்டர் கட்டி இழுத்தார்கள். தரை காய்கிற வரைக்கும் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். உமாராணி டையைக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

சாமித்துரை பெண்டாட்டி செல்வமாரிக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. அவள் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. மறுநாள் காலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ஜெபக்கனி டீச்சரிடம் விட்டுவிட்டு, சேற்றில் மெயின் ரோடு வரை நடந்து ஆபீஸ் வேனில் ஏறிப் போய்விட்டாள். சாயங்காலம் சாமித்துரை குதித்தான்.

"யாரைக் கேட்டுச் சேத்த?"

"சேக்கல. விட்டுட்டு வந்தேன். நீங்க வேணும்னா வீட்டுல இருந்து பாத்துக்கிடுங்க."

"தரை காயுத வரைக்குந்தான். பேரு கீரு எழுதக் கூடாதுன்னு டீச்சர்ட்ட சொல்லிரு" என்று மட்டும் முறுக்கினான். டீச்சர் அதற்கும் சரி என்றார். பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பிள்ளை வரட்டும் என்றார். இப்படியாக உமாராணி மூன்றாம் வகுப்பில் ஒப்புக்குச் சப்பாணியாக உட்கார்ந்தாள்.

அதோடு விட்டிருந்தால் சாமித்துரை ஏன் சாமித்துரையாகிறான்? பங்காளி இசக்கிபாண்டி மகன் தினமும் மைக்கில் வெளுத்து வாங்குவதைக் கேட்டு அவனுக்கு வயிறு எரிந்தது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து ரேங்க் கார்டில் மகள் இரண்டாம் ரேங்க். அவளை ஒரு நாள் ஏற்றிவிட்டால் ஊர் வாயை மூடிவிடலாம் என்று கணக்குப் போட்டான். டீச்சரிடம் போய் நின்றான்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி. பிள்ளைக்கு இன்னும் எழுத்துக் கூட்டவே வரல" என்றார் டீச்சர்.

"எம் மகளுக்கா? அவ இங்கிலீஷே வாசிப்பா டீச்சர். நாளைக்கு அவதான் வாசிக்கணும்."

மறுநாள் புஞ்சையில் எல்லோரையும் கையமர்த்திவிட்டுச் சாமித்துரை காதைக் கோபுரத்தின் பக்கம் திருப்பி நின்றான். மைக் கரகரத்தது. மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. மறுபடியும் மூச்சு. பிறகு ஒரு விசும்பல். அப்புறம் கேவிக் கேவி அழுகிற சத்தம் ஊர் முழுக்க, ஓடைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போனது. டீச்சர் ஓடி வந்து மைக்கை அணைத்திருக்க வேண்டும், சத்தம் சட்டென்று நின்றது.

"ஏலே சாமித்துரை, இது என்ன இங்கிலீஷ் மூச்சாலே?" என்றான் இசக்கிபாண்டி.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. சாமித்துரைக்கு முகத்தில் ஈயாடவில்லை. வீட்டுக்கு வந்தால் மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தொட்டால் தோளை உதறினாள். ரேங்க் கார்டுக்காக அவள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருக்கிறாள், ஒரு வரி வாசிக்கத் தெரியாது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அதைவிட, தன் வீம்புக்குப் பிள்ளையைப் பலி கொடுத்துவிட்டோமே என்று நினைத்தபோது அவனுக்கே அழுகை வந்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் ஜெபக்கனி டீச்சர் வீடு தேடி வந்தார். சாமித்துரையைத் திட்டுவார் என்று செல்வமாரி ஆசையோடு காத்திருந்தாள். டீச்சர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. பிள்ளையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"உமா, நாளைக்கும் மைக் உனக்குத்தான். வணக்கம்னு மட்டும் சொல்லு. அது போதும்."

மறுநாள் கோபுரத்திலிருந்து ஒரே ஒரு வணக்கம் வந்தது. நூல்போல மெலிந்த குரல். பக்கத்துப் புஞ்சையில் களை எடுத்துக்கொண்டிருந்த பூங்கொடி நிமிர்ந்து, "வணக்கந்தாயி!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். பள்ளிக்கூடம் வரைக்கும் அது கேட்டிருக்காது. சாமித்துரைக்குக் கேட்டது.

அதற்கடுத்த நாள் வணக்கத்தோடு கிழமையும் வந்தது. பிறகு தேதி. மார்கழிக் குளிரில் பேப்பரிலிருந்து ஒரு முழுத் தலைப்புச் செய்தி, தட்டுத் தடுமாறி, நடுவில் இரண்டு தடவை நின்று. மத்தியானம் மற்ற பிள்ளைகள் விளையாடும்போது டீச்சர் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு எழுத்துக் கூட்ட வைக்கிறார் என்று செல்வமாரி வந்து சொன்னாள். சாமித்துரை டீக்கடைப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டான். தரை காய்ந்து கோவில்பட்டி வேன் மறுபடி வந்தபோதும் மகளை அதில் ஏற்றவில்லை.

தை பிறந்தது. உளுந்து நன்றாகவே விளைந்திருந்தது. பறித்து, அடித்து, ஊர்ப் பொதுக்களத்தில் எல்லோரும் காயப் போட்டிருந்தார்கள். வருடத்துக்கு ஒரு வெள்ளாமை. அது வீடு வந்து சேர்ந்தால்தான் மற்ற எல்லாம். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது.

அன்றைக்கு மைக்கில் உமாராணி.

"தென் மாவட்டங்களில் இன்று பிற்பகல் முதல் இடியுடன் கூடிய கனமழை பெய்யக்கூடும். அறுவடை செய்த தானியங்களைப் பாதுகாப்பாக வைக்குமாறு விவசாயிகள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

நிறுத்தாமல், திக்காமல் வாசித்தாள். களத்தில் நின்றவர்கள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள். அப்புறம் சாமித்துரையைப் பார்த்தார்கள்.

"தை மாசத்துல எங்கனலே மழை? கார்த்திகை மாசத்துப் பேப்பர எடுத்து வாசிச்சிருக்கும் ஒம் மக" என்றான் இசக்கிபாண்டி.

"வாட்ஸ்அப்புல தினம் ஒரு புயல் வருது. அதையே நாம நம்பல" என்றான் இன்னொருவன். "இன்னைக்கு ஒரு வெயில் காஞ்சாப் போதும், நாளைக்கு மூட்டை புடிச்சிரலாம். இப்ப ஈரத்தோட குமிச்சா சூடேறிக் கெட்டுப் போகும்."

அவர்கள் சொன்னதும் நியாயம்தான். சாமித்துரை கைபேசியை எடுத்துப் பார்த்தான், களத்தில் டவர் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு ஓடிப் போய் டீச்சரிடமே கேட்டுவிட்டு வந்துவிடலாம். இரண்டு எட்டு எடுத்தும் வைத்தான். அங்கேயே நின்றான். போய் என்ன கேட்பது? என் மகள் சரியாகத்தான் வாசித்தாளா என்றா? அதை மகளை வைத்துக்கொண்டு கேட்டால் அந்தப் பிள்ளை இனி மைக் பக்கம் போகுமா? பெற்றவனே நம்பாவிட்டால் ஊர் எப்படி நம்பும்?

திரும்பி வந்து வாருகோலை எடுத்தான். தன் உளுந்தைக் கூட்டிக் குவிக்க ஆரம்பித்தான்.

"ஏலே, நெசமாவே மூடப் போறியா?" என்றான் இசக்கிபாண்டி.

"எம் மக வாசிச்சிட்டா. நான் மூடுதேன்." வேலையை நிறுத்தாமல் சொன்னான். பிறகு நிமிர்ந்து களம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான். "எல்லாரும் மூடுங்கலே! மழை வரலன்னா உங்க அத்தன பேரு உளுந்தையும் நாளைக்கு நான் ஒத்த ஆளா விரிச்சிக் காயப் போடுதேன். காளியம்மன் சத்தியமா!"

ஓசியில் ஒரு கூலியாள் கிடைக்கிறான் என்றால் யாருக்குக் கசக்கும்? சாமித்துரை களம் முழுக்கக் குனிந்து நிமிர்வதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையிலேயே பலர் படுதாவை எடுத்து வந்தார்கள். இசக்கிபாண்டி கடைசியாகத்தான் குவித்தான். குவிக்கும்போதும் சிரித்துக்கொண்டேதான் இருந்தான்.

மத்தியானம் தாண்டியும் வெயில் இறங்கவில்லை. சாமித்துரைக்கு இடுப்பு இப்போதே வலிக்கிற மாதிரி இருந்தது. ஆனால் இடுப்பைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையை ஊரே பார்த்துச் சிரிக்குமே, அதுதான் அவனைத் தின்றது.

மூன்று மணிவாக்கில் தெற்கே ஒரு கறுப்பு எழும்பியது. காற்று திரும்பியது. படுதாவின் மேல் முதல் துளி தட்டென்று விழுந்தபோது சிரித்தவர்கள் எல்லாம் கல் தேடி ஓடினார்கள், நாலு மூலையிலும் வைத்து அமுக்க. அதற்குமேல் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. களத்தைச் சுற்றித் தண்ணீர் ஓடியது. படுதாக்களுக்கு அடியில் ஊரின் ஒரு வருடச் சோறு நனையாமல் கிடந்தது.

"மாப்ள, எல்லாம் பத்திரமாலே?" "பத்திரம் மாமா!" என்று மழைக்கு மேலே குரல்கள் கேட்டன. இசக்கிபாண்டி சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு வந்து சாமித்துரை முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். "ஒம் மக கெட்டிக்காரிலே. என் குடும்பத்தக் காப்பாத்திட்டா" என்றான்.

சாமித்துரை அங்கே நிற்கவில்லை. செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது, விட்டுவிட்டு ஓடினான். பள்ளிக்கூட வராண்டாவில் பிள்ளைகள் மழை விடக் காத்திருந்தார்கள். உமாராணி கம்பியைப் பிடித்துக்கொண்டு களத்துப் பக்கமே பார்த்து நின்றாள்.

"எப்பா, எல்லாரும் மூடிட்டாவளா?"

"ஒரு படி நனையல தாயி. ஊரே நீ சொன்னதக் கேட்டுச்சு."

"ஊரேவா?"

"ஊரே."

அவள் முகத்தில் வந்த சிரிப்பை அவன் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. வாசலில் நின்ற ஜெபக்கனி டீச்சரைப் பார்த்தான். "டீச்சர், நாளைக்கே கோவில்பட்டி போயி டிசி வாங்கிட்டு வாரேன். எம் மக பேர எழுதிக்கிடுங்க. நான் பேசினது எல்லாத்துக்கும் மன்னிச்சிருங்க."

"அது கெடக்கட்டும் அண்ணாச்சி. தலையத் துவட்டுங்க மொதல்ல" என்று டீச்சர் ஒரு துண்டைக் கொடுத்தார்.

மழை தூறலானதும் மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினான். கடை ஓரங்களில் ஒதுங்கி நின்ற சனம் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கை காட்டியது. உமாராணிக்குத் தலைகால் புரியவில்லை. உர விற்பனை நிலையம் என்று கடைப் பலகையை உரக்க வாசித்தாள். கூட்டுறவுப் பண்டகசாலை என்று வாசித்தாள். சுவரில் ஒட்டியிருந்த கல்யாணப் போஸ்டரில் மணமகன் பேர், மணமகள் பேர், வாழ்த்தும் நண்பர்கள் பேர் என்று ஒன்றையும் விடவில்லை. சாமித்துரை அவள் வாசித்து முடிக்கிற வரைக்கும் ஒவ்வொரு பலகைக்கும் போஸ்டருக்கும் முன்னால் நின்று நின்று நடந்தான்.