பொன்னழகு பேரில் ஒரு சீட்டு

பதினாலாயிரத்துக்கு மேல் கேட்கிறவன் பதினைந்து என்பான். துணிச்சல்காரன் என்றால் பதினாறு என்பான். ஒரே தாவாகப் பதினெட்டாயிரத்து ஐந்நூறு என்று யாராவது கேட்பார்களா? கிளெமென்ட்டுக்கு உறுத்தியது அதுதான்.

ஒச்சம்மாள் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவள். அவள் நடத்துவது தள்ளுச்சீட்டு. இருபது பேர், மாசம் ஆளுக்கு ஐயாயிரம், மொத்தம் ஒரு லட்சம். அந்த லட்சத்தில் யார் அதிகம் விட்டுக்கொடுக்கிறேன் என்கிறார்களோ அவர்களுக்குத்தான் அந்த மாதப் பணம். விட்ட தொகையை இருபது பேரும் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

கல்யாணமான மூன்றாம் வருஷம், பிள்ளை பெறுவதற்கு முன்னால் கையில் ஒரு தொகை வேண்டும் என்றுதான் கிளெமென்ட்டும் வினோலியாவும் இதில் சேர்ந்தார்கள். இப்போது அவளுக்கு ஆறு மாதம். டிசம்பர் முதல் வாரம் என்று டாக்டரம்மா தேதி கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரிச் செலவு ஒரு பக்கம். வினோலியா வேலை பார்க்கும் நர்சரிப் பள்ளியில் லீவு கொடுப்பார்கள், சம்பளம் கொடுக்க மாட்டார்கள் என்பது இன்னொரு பக்கம். டைல்ஸ் கடையில் கிளெமென்ட் வாங்கும் சம்பளம் மட்டும் ஆறு மாசம் தாங்காது. அதனால் செப்டம்பர் சீட்டை எப்படியாவது எடுத்துவிடுவது என்று போன மாசமே பேசி வைத்திருந்தார்கள். பதினெட்டு வரைக்கும் தள்ளலாம், அதற்கு மேல் கட்டாது. அடுப்படியில் நின்று பேசியது. இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

ஐந்தாம் தேதி சாயங்காலம் ஏலம். கிளெமென்ட் பதினாலு என்றதும், கடையில் பூமூட்டை இறக்கும் பழனிக்குமார் மூலையிலிருந்து, “பொன்னழகு பேருக்கு, பதினெட்டாயிரத்து ஐந்நூறு” என்றான். அவ்வளவுதான், முடிந்தது.

“அந்தப் பொன்னழகு யாருக்கா? ஒரு மாசம் கூட வந்து பார்த்ததில்லையே?”

“ஏலே அப்பு, நீ சீட்டுக்கு வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?” என்றாள் ஒச்சம்மாள். மற்றவர்கள் சிரித்தார்கள். “மாசாமாசம் பணம் வருது. எனக்கு அம்புட்டுப் போதும்.”

அப்படி ஒருத்தி இருக்கிறாளா, இல்லை ஒச்சம்மாளே பொய்ப் பெயரில் போட்டு எடுக்கிறாளா? நடந்து வருகிற வழியெல்லாம் இதே யோசனை. மேட்டுப்பட்டி வீட்டுக்குள் நுழையும்போது யோசனை வேறு பக்கம் திரும்பிவிட்டது. ஒச்சம்மாள் திருடியாகவே இருக்கட்டும். பதினெட்டு என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

“கிடைக்கல” என்றான்.

“அப்படியா? சரி, அடுத்த மாசம் பாப்போம்” என்றாள் வினோலியா. எம்புட்டுக்குப் போச்சு என்று கேட்கவே இல்லை. மற்ற மாதங்களில் செருப்பைக் கழற்ற விடாமல் கேட்கிறவள்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றும் கண்ணில் பட்டது. போன் வந்தால் கொல்லைப்பக்கம் போனாள். யாரு என்றால், “அம்மாதான்” என்றாள். அவள் குளிக்கும்போது போனை எடுத்துப் பார்த்தான். அம்மாதான். நாலாம் தேதி ராத்திரி மட்டும் மூன்று தடவை.

பத்தாம் தேதி சீட்டுப்பணம் கொடுக்கும் நாள். காலை ஆறு மணிக்கே கடைக்கு எதிரில் டீ குடிக்கிற சாக்கில் போய் நின்றான். மூன்றாவது டீ ஆறிக்கொண்டிருந்தபோது, சாணார்பட்டி பஸ்ஸில் வந்து இறங்கியது அவனுடைய மாமியார் இஞ்ஞாசியம்மாள். அத்தை மல்லிகை போடுவது இந்தக் கடையில்தான் என்று தெரியும். பூவை நிறுத்துக் கொடுத்தாள். ஒச்சம்மாள் நோட்டில் கையெழுத்து வாங்கினாள். ஒரு தடித்த கவரை நீட்டினாள். பூக்காசு அவ்வளவு வராது. அத்தை இரண்டு தடவை எண்ணிப் பார்த்து, பூக்கூடையின் ஈரச் சாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, வந்த வழியே போனாள்.

அவன் வீட்டுக்கு வந்தபோது வினோலியா பள்ளிக்குக் கிளம்பிச் சேலைக்குப் பின் குத்திக்கொண்டிருந்தாள்.

“பொன்னழகு யாரு?”

அவள் பின்னைக் குத்தி முடித்தாள். “அம்மா தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டம்.”

“அவங்க பேர்ல உங்கம்மா சீட்டுப் போடுறாங்க. பதினெட்டுன்னு நீ சொல்லியிருக்க.”

“ஆமா. நான்தான் சொன்னேன்.”

அழுவாள், மறுப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தான். “எதுக்கு?”

“தலைப்பிரசவம் அம்மா வீட்டுச் செலவு. அதான முறை?”

“முறைன்னா என்கிட்ட சொல்லிட்டு எடுக்கலாமே? புருஷனை ஏமாத்தி எடுக்கணுமா? பதினஞ்சுல முடிய வேண்டியது, மூவாயிரத்துச் சொச்சம் தெண்டம்!”

“தெண்டந்தான். தெரிஞ்சுதான் விட்டாங்க.” அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். “போஸ்டாபீஸ்ல நாப்பதாயிரம் போட்டு வச்சிருந்தோமே, எங்க போச்சு?”

கிளெமென்ட்டுக்குத் தெரியும். ஆத்தூரில் அண்ணன் பிரான்சிஸ் தோட்டத்தில் போர் போடுவதற்குப் போனது. எண்ணூறு அடிக்குப் புகைதான் வந்தது.

“பாஸ்புக்கைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும். ஏன் சொல்லலன்னு கேட்டேன். சொன்னா விட மாட்டன்னு சொன்னீங்க.”

“அது போன வருஷம் வினோ. இப்ப பிள்ளைக்குன்னு வச்ச காசுல நான் கை வைப்பேனா?”

“உங்கண்ணன் போன வாரம் எனக்குப் போன் பண்ணாரு. நல்லாயிருக்கியாம்மான்னு கேட்டாரு. அடுத்து, தம்பி இந்த மாசம் சீட்டு எடுக்கானாமேன்னு கேட்டாரு.” அவள் நிமிர்ந்து பார்த்தாள். “அவருக்கு யாருங்க சொன்னது?”

கொடுக்கிறேன் என்று அண்ணனிடம் அவன் சொல்லவில்லை. எடுத்ததும் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருந்தான். அதை இப்போது எடுத்துச் சொன்னால் எப்படி இருக்கும் என்று அவனுக்கே தெரிந்தது.

“அஞ்சு நாள் நீங்க என்னைய வேவு பாத்தீங்க. போனை எடுத்துப் பாத்தது தெரியும்” என்றாள். “நான் ஒரு வருஷமா உங்களைப் பாத்துக்கிட்டிருக்கேன்.”

“இப்ப என்ன செய்யணுங்கிற?”

“ஆஸ்பத்திரியை அம்மா பாத்துக்கிருவாங்க. நம்ம சீட்டு நான் வீட்டுல இருக்கப்போற ஆறு மாசத்துக்கு. அதை என் பேருக்கு மாத்துங்க. ஏலத்துக்கும் நானே போறேன்.”

“ஏழு மாச வயித்தோட மார்க்கெட்டுக்கா?”

“மூட்டையா தூக்கப்போறேன்? உக்காந்து ஒரு நம்பர் சொல்லணும்.”

சாயங்காலம் கிளெமென்ட் மறுபடி பூ மார்க்கெட்டுக்குப் போனான். சீட்டைப் பெண்டாட்டி பேருக்கு மாற்ற வேண்டும் என்றான். ஒச்சம்மாள் நோட்டைத் திறக்கவில்லை. அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீயாத்தான் வந்தியா அப்பு? இல்ல, அவளுக்குத் தெரியாம அவ பேர்ல எதுவும் வேலை பாக்குறியா?”

“என்னக்கா இப்படிக் கேட்டுட்ட?”

“செத்த நேரம் இரு.” இஞ்ஞாசியம்மாளின் மகள் நம்பர் அவளிடம் இருந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு முதுகைத் திருப்பிக்கொண்டாள். “ஆமாம்மா... இங்கதான் நிக்கிறாரு... சரி, சரி...” இடையில் ஒரு தடவை திரும்பி அவனைப் பார்த்தாள். அந்தப் பக்கம் வினோலியா என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. கிளெமென்ட் தராசுக்குப் பக்கத்தில் நின்றபடி, சிந்திக் கிடந்த மல்லிகை மொட்டுகளைக் காலால் ஓரமாக ஒதுக்கிக்கொண்டே, அவள் நோட்டை எடுக்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.