திருக்கையின் காது

அநியாயத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா? கெலாமா மீனின் காதைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் திருக்கையின் காதை ஒட்டவைத்திருந்தார் அந்த மனிதர்!

நாட்டுக்குச் சுதந்திரம், மெர்டேக்கா கிடைத்த மறு வருடம். உஜோங் பாசிர் கரையில் புதிய படகு ஜெட்டி கட்ட, கடலுக்குள் இரும்புத் தூண்களை அடித்து இறக்கப் போனார்கள். அந்தச் சத்தம் மீன்களை எவ்வளவு தூரம் விரட்டும் என்று கணக்கிட்டுச் சொல்வது எங்கள் ஆபீஸின் வேலை. தண்ணீரில் சத்தம் எப்படிப் பரவும், எவ்வளவு காதில் விழுந்தால் மீன் மிரளும், எல்லாவற்றையும் கணக்கு மிஷினின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி நான்தான் போட்டேன். கெலாமாவுக்கு வயிற்றில் காற்றுப்பை உண்டு. அதனால் பாம்புச் செவி. கரையை விட்டே ஓடிவிடும் என்று விடை வந்தது. கெலாமா பருவம் முடியும்வரை தூண் அடிக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன்.

டைப்பாகி வந்த தாளிலோ மீன் அசையவே இல்லை! காற்றுப்பையே இல்லாத திருக்கையின் அளவைப் போட்டுக் கணக்கை மாற்றியிருந்தார்கள்.

காஜா பெராங்கில் என் பக்கத்து வீட்டுப் பூங்காவனம் அக்கா, உஜோங் பாசிரில் கெலாமா வாங்கி வீடு வீடாக விற்றுத்தான் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறார். ஆபீஸின் தலைமை குமாஸ்தா, பெரிய கிராணி கணேசமூர்த்தியிடம் நேரே போய் நின்றேன்.

“என்ன சார் இது? பருவத்துல தூண் அடிச்சா ஒரு கெலாமா தங்காது.”

“அட, திருக்கையும் மீனுதானே கோகிலா? சரிபார்த்தேன்னு கையெழுத்துப் போடு, ஒன் வேலை நிரந்தரமாயிடும். மீனு வந்து நம்மளக் கேக்கவா போவுது?”

“மீனு கேக்காது சார், நான் கேக்குறேன்! கெலாமாவோட காத எங்க வெச்சீங்க?”

“ஒனக்கு வாய் ரொம்ப நீளுது. போட்டுட்டுப் போ லா!”

போட்டேன். “இந்தக் கணக்கு திருக்கைக்கு மட்டும் சரி” என்று கொட்டை எழுத்தில் எழுதி, அதன் கீழே போட்டேன். அதைப் படித்ததும் அவர் முகம் கறுத்துவிட்டது. தாளைக் கிழித்தார், நாளை முதல் வர வேண்டாம் என்றார். போங்கடா என்று வந்துவிட்டேன்.

அவரே கையெழுத்துப் போட்டு அனுப்பினார் போலும், பருவத்திலேயே தூண் அடித்தார்கள். ஒரு காலை பூங்காவனம் அக்கா வெறுங்கூடையோடு என் வாசலில் வந்து நின்றார்.

“கரையில ஒரு மீனு இல்ல. கணக்குப் போட்டுக் கொடுத்தது நீதானாமே கோகிலா? பெரிய கிராணி எல்லார்கிட்டயும் சொல்றாரு.”