வீட்டுப் பின்பக்கத்துப் புழு

ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய கைடு சொன்னதை அன்புக்கரசி அன்றைக்குக் கேட்டுத் தொலைத்திருக்கலாம். கேட்டாளா? இல்லை.

அடையாற்றங்கரையில், அம்மா முத்தம்மாவின் வீட்டுக்குப் பின்னால் கிடந்த சேற்றிலிருந்துதான் அந்தப் புழுவை எடுத்திருந்தாள். மைக்ராஸ்கோப்பில் மட்டுமே தெரிகிற புழு. இதுவரை பதிவான மற்ற புழுக்களின் மரபணுக்களோடு அதன் மரபணுவை ஒன்பது நாள் ஒப்பிட்டு, யாருக்கு யார் பங்காளி என்று கம்ப்யூட்டர் ஒரு மரம் வரைந்தது. மற்றவை கொத்துக் கொத்தாகச் சேர்ந்துகொள்ள, இவளுடையது மட்டும் அடியிலிருந்தே தனிக் கிளையாகப் பிரிந்து நின்றது. ஆயிரம் முறை திரும்பப் போட்டுப் பார்த்தாள். அதே கிளைதான். அப்பப்பா, என்ன சந்தோஷம் அவளுக்கு!

கண்டுபிடித்ததைப் பொதுத் தளத்தில் பதியும்போது, எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் கொடுக்க வேண்டும். தோராயமாகப் போடு, போதும் என்றார் கைடு. இவளுக்கு ரோஷம். குப்பத்துப் பெண் என்று முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள் பார்க்கட்டும் என்று, ஐந்து தசம ஸ்தானம் வரை துல்லியமாகத் தன் வீட்டுப் பின்பக்கத்தையே போட்டாள். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

எட்டு மாதம் கழித்து வந்த நோட்டீஸில் அந்த எண்கள் அப்படியே இருந்தன. வேறெங்கும் இல்லாத உயிரினத்தின் வாழிடமாம். அதைக் காப்பாற்றக் குப்பத்தின் நாற்பத்தோரு வீடுகளையும் எடுத்துவிட்டு, ஜனங்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்புவார்களாம். பத்து வருஷமாக அந்த இடத்தின்மேல் கண்வைத்திருந்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்? வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. தெருவுக்கு அதைப் படித்துக்காட்டியவளும் அன்புக்கரசிதான். ஆதாரம் என்று தன் பெயர் வந்த வரியையும் அவளே படிக்க வேண்டியிருந்தது. ஆபீஸ் ஆபீஸாக ஏறி, மனிதர்கள் இருந்தபோதுதானே அது அங்கே உயிரோடு இருந்தது என்று எழுதிக் கொடுத்தாள். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

காலை பத்து மணிக்கு ஜேசிபி வந்தது. அம்மாவின் வீடு விழும்போது அன்புக்கரசி தலை நிமிரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு தடுப்பாள்? அவமானத்தில் செத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் வண்டி, செங்கல்லையும் ஆஸ்பெஸ்டாஸையும் வாரிப் பின்பக்கச் சேற்றின்மேல் தள்ளத் தொடங்கியது. அவள் ஓடிப்போய் வண்டியை மறித்தாள். அங்கேதான் புழு இருக்கிறது, கொட்டாதே என்று நெஞ்சு வெடிக்கக் கத்தினாள். டிரைவர் ஒதுங்கச் சொல்லிக் கையை ஆட்டிவிட்டுக் கொட்டினான்.

திரும்பினால் முத்தம்மா நின்றிருந்தாள்.

"வூட்ட இடிக்கசொல்லோ நீ வாயத் தொறக்கலியே, அன்பு."

பதிலுக்கு நிற்காமல், பாத்திர மூட்டையோடு பெரும்பாக்கம் போகிற லாரியில் ஏறிக்கொண்டாள். மகளைக் கூப்பிடவில்லை.