தாருக்கு அடியில் ஒரு மூடி

கிருபைராஜ் என் மகள் பாக்கியவதியைக் கட்டியவன். அன்று அவனைத்தான் சாக்கடைக்குள் இறக்கினோம். பாளையங்கோட்டையில் புதுக் குழாயைப் பழைய செங்கல் கால்வாயோடு சேர்க்கிற வேலை. உள்ளே ஆள் குனிந்து போகலாம். அடைத்திருக்கும் மண்ணை எடுத்தால்தான் குழாய் சேரும்.

கால்வாய்க்குள் தண்ணீர் தள்ளுகிற பம்பை நிறுத்தியாச்சு, தண்ணீர் வராது என்றான் என்ஜினீயர் பட்டாபி. கண்ணால் பார்த்தீரா என்று கேட்டேன். போனில் சொன்னார்களாம். போனில் சொன்னதை நான் நம்புகிறதில்லை. மூடியைத் திறந்ததும் கரப்பான் பூச்சிகள் ஓடின. பூச்சி உயிரோடு இருந்தால் விஷவாயு இல்லை என்பது எங்கள் கணக்கு. அதை நம்பி, இடுப்பில் கயிறு கட்டி ஏணி வழியாக இறக்கினேன்.

கொஞ்ச நேரத்தில் கயிறு லேசாகிவிட்டது. இழுத்தால் வெறும் முனைதான் வந்தது. அறுந்ததல்ல, அவிழ்த்திருக்கிறான். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் இரைந்துகொண்டு வந்தது. ஏணியின் கீழ்ப்படி முங்கியது, அடுத்த படியும் முங்கியது. இனி இந்த வழியாக அவன் வரமுடியாது. தண்ணீர் தள்ளுகிற பக்கம் போனால் அடுத்த குழி. அதன் மூடிமேல் போன மாசம்தான் தார் போட்டு ரோடாக்கிவிட்டுப் போனார்கள்.

பட்டாபி பம்ப் ரூமுக்கு ஆளை விரட்டிவிட்டு வரைபடத்தை விரித்தான். விளக்குக் கம்பத்தடியில் என்றது படம்.

“படத்தத் தூரப் போடும்வே. முப்பது வருசமா நான் தூக்குத மூடி. சர்ச் மதில்லேருந்து ஒம்பது தப்படி.”

அளந்து கடப்பாரை போட்டோம். கல்தான் வந்தது. இன்னும் தோண்டினோம். கல். பாக்கியவதி முகத்தில் எப்படி முழிக்க?

பட்டாபி பைய வந்து சொன்னான். “அண்ணாச்சி, போன மாசம் ரோட்ட அகலமாக்கும்போது மதில உள்ள தள்ளிக் கட்டிட்டாங்க. மூணு தப்படி இருக்கும்.”

மதிலை விட்டு இன்னும் மூன்று தப்படி தள்ளிப் போய் ரோட்டில் காதை வைத்தேன். தார் சுட்டது. தண்ணீர் இரைச்சல் மட்டும் கேட்டது, ஆள் சத்தம் இல்லை. உடைத்தோம். கடப்பாரை இரும்பில் பட்டது.

மூடி பாதி நகர்ந்ததும் கரப்பான் பூச்சிகள் கும்பலாக ஏறி வந்தன. என் கையெல்லாம் ஊர்ந்தன. உதறவில்லை. படுத்துக்கொண்டு இருட்டுக்குள் கையை விட்டேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. தோள்பட்டை வரை விட்டேன். வழுவழுவென்று விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்தன.

மேலே வந்தவனுக்குப் பல்லோடு பல் அடித்துக்கொண்டது. “கயிறு பத்தல மாமா. அதான் அவுத்தேன்.”

பம்பை நிறுத்தியாச்சு என்று ஆள் ஓடிவந்து சொன்னான். கிருபைராஜ் கையை நான் விடவில்லை.