மூக்கைப் பொத்தாத ஊர்

முப்பத்தெட்டுக் கதைகளில் முப்பத்தொரு கதையில் பனி பெய்தது. கடலூர் முதுநகரில், மின்விசிறி ஓடாத வகுப்பில், ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் பனி பெய்ய வைத்திருந்தார்கள். பனிக்குள் வெள்ளைக் குதிரை, குதிரைமேல் இளவரசன், கோபுரத்தில் தங்க நிறக் கூந்தலோடு ஒரு இளவரசி. படிக்கப் படிக்க எனக்குக் கோபம் வந்தது. பிள்ளைகள்மேல் கோபம் இல்லை என்று சொல்ல ஆசைதான். அவர்கள்மேலும்தான் இருந்தது.

மாவட்ட அளவில் தேவதைக் கதை எழுதும் போட்டி. நடத்துவது ஊருக்குத் தெற்கே இருக்கிற ரசாயனத் தொழிற்சாலை. கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது அவர்களுக்குப் பழக்கம். சாயங்காலம் புகையை விடுவார்கள், காலையில் வந்து பள்ளிக்குக் குடிநீர்த் தொட்டி கொடுப்பார்கள். இந்த வருடம் கதை கேட்டார்கள். தமிழாசிரியை என்பதால் அது என் தலையில் விழுந்தது.

நோட்டுகளை மேசைமேல் போட்டேன்.

“பனிய எவளாவது பாத்திருக்கீங்களாடி?”

“ஃப்ரிட்ஜ்ல பாத்திருக்கோம் பெலிசியா மிஸ்.”

“இளவரசன் வந்து காப்பாத்துற கதை ஒண்ணுகூட எனக்கு வேணாம். உங்க தெருவுல எத நெனச்சா பயமா இருக்கோ, அதுக்குக் கொம்பு வைங்க, வாலு வைங்க. அதுதான் பூதம். அதுகிட்ட யாரு மாட்டிக்கிட்டாங்க, எப்படி எதுத்து நின்னாங்கன்னு எழுதுங்க. முடிவு உங்க இஷ்டம். அதுல நான் கை வைக்க மாட்டேன்.”

கை வைக்க மாட்டேன் என்று சொன்னது நான்தான். முப்பத்தெட்டுப் பேர் சாட்சி.

அடுத்த திங்கட்கிழமை இளமதி நான்கு பக்கம் கொண்டுவந்து கொடுத்தாள். வகுப்பில் வாயே திறக்காத பெண். தலைப்பு ‘மூக்கைப் பொத்தாத ஊர்’. கடலோரத்தில் ஒரு ஊர். அங்கே ஒரு பூதம் வந்து இடம் கேட்டது. “வீட்டுக்கு ஒரு படி அரிசி தினமும் தருகிறேன். நான் மூச்சு விடும்போது மட்டும் ஒருவரும் மூக்கைப் பொத்தக் கூடாது. பொத்துகிற வீட்டுக்கு அரிசி கிடையாது” என்றது. ராஜா சரி என்றார். பூதத்தின் மூச்சு அழுகின முட்டை போல நாறியது. ஆனாலும் பசி பெரிதாயிற்றே, யாரும் பொத்தவில்லை. நாளாக ஆக மூக்குகள் தேய்ந்தன. பிறகு பிறந்த குழந்தைகளுக்கு மூக்கே இல்லை. ஒரே ஒரு பெண் மட்டும் மூக்கோடு பிறந்தாள். அவளுடைய அம்மா துணி கட்டி அதை மறைத்து வளர்த்தாள். ஒருநாள் சாயங்காலம் அந்தப் பெண் துணியை அவிழ்த்துவிட்டுப் பூதத்தின் எதிரே போய் நின்று, எல்லாரும் பார்க்க மூக்கைப் பொத்தினாள்.

அவ்வளவுதான் கதை. அரிசி போயிற்றா, பூதம் போயிற்றா, ஒன்றும் எழுதவில்லை. பதினேழு வருட வேலையில் ஒரு பிள்ளையின் தாளில் சிவப்பு மை வைக்க எனக்குக் கை கூசியது அன்றுதான்.

மூன்றாம் நாள் அவளுடைய அப்பா இளவரசு வந்தார். தொழிற்சாலையின் நீலச் சட்டையோடு, ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். சட்டையிலிருந்து வந்த வாடைக்கு நான் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினேன். அவர் அதைப் பார்த்துவிட்டுத் தானே இரண்டடி தள்ளி நின்றார். இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

“டீச்சர், பாப்பா வீட்ல படிச்சுக் காட்டுச்சு. நல்லாத்தான் எழுதியிருக்கு, நான்கூட சிரிச்சிட்டேன். ஆனா போட்டி நடத்துறதே எங்க கம்பெனிதான? நான் காண்ட்ராக்ட் ஆளு. நாளைக்கு வராதன்னுட்டா அவ்ளோதான். போட்டிக்குக் குடுக்காதீங்க டீச்சர். அது பாட்டுக்கு வீட்லயே கெடக்கட்டும்.”

“நான் பாத்துக்கறேன். நீங்க கவலப்படாம போங்க” என்றேன்.

அன்றே அந்த நான்கு தாளையும் அவளிடம் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கதை முழுசாக அவளிடம் இருந்திருக்கும், அவள் அப்பாவும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். ஆனால் மற்ற முப்பத்தேழும் குப்பை. பரிசு என்று ஒன்று வந்தால் இந்தக் கதைக்குத்தான் வரும். சான்றிதழில் ‘வழிகாட்டி ஆசிரியர்’ என்று ஒரு வரி உண்டு. தேர்தல் வேலை ஆணையைத் தவிர வேறு எதிலும் என் பெயர் அச்சில் வந்ததில்லை. ஆசை வெட்கமறியாது என்பார்கள். என் ஆசை ஒரு மணி நேரம்கூட வெட்கப்படவில்லை.

தனித் தாளில், சிவப்பு மையில் அரைப் பக்கம் எழுதினேன். பெண் மூக்கைப் பொத்தியதும் பூதம் அழுதது. “என் மூச்சு நாறுகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே!” என்று ஊராரிடம் மன்னிப்புக் கேட்டது. ஊரைச் சுற்றி மல்லிகைத் தோட்டம் போட்டது. எல்லாருக்கும் மூக்கு முளைத்தது. எல்லாரும் பூதத்துக்கு நன்றி சொன்னார்கள். எழுதி, அவளுடைய நான்கு தாளோடு சேர்த்துப் பின் அடித்தேன்.

“உங்க அப்பாவுக்காகத்தான் மாத்தினேன். அவருக்கு ஒரு கெடுதல் வரக் கூடாதுல்ல?” என்றேன் இளமதியிடம்.

அவள் படித்துப் பார்த்தாள். “சரி மிஸ்” என்றாள். எல்லாவற்றையும் தன் கையெழுத்தில் நகல் எடுத்துக் கொடுத்தாள்; அந்த நகல்தான் போட்டிக்குப் போனது.

சிதம்பரத்தில் கீழவீதிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் பரிசளிப்பு. மேடை முழுக்கத் தொழிற்சாலையின் பிளெக்ஸ், அதில் மரங்களும் பட்டாம்பூச்சிகளும். முதல் பரிசு இளமதிக்குத்தான். மேடையில் கதையை வாசிக்கச் சொன்னார்கள். முதல் நான்கு பக்கத்தைத் தன் கதையாக வாசித்தாள். அரைப் பக்கத்தை, ரேஷன் கடையில் விலைப்பட்டியல் வாசிப்பது போல வாசித்தாள். கைதட்டல் வந்தது அதற்குத்தான்.

தொழிற்சாலையின் மக்கள் தொடர்பு அதிகாரி சபாபதி மைக்கைப் பிடித்தார். “பூதம் மனம் திருந்துற எடம் இருக்கே, ரொம்ப டச்சிங்! எங்க காலண்டர்ல போடப் போறோம்” என்றார். பூதம் யாரென்று அந்த ஆளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கை தட்டினார். போட்டோவுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பரிசுக் கேடயத்தின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தேன். அந்தப் படம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வந்தது. பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

திரும்பி வரும்போது பேருந்தில் அதிகக் கூட்டம் இல்லை. கேடயம் இளமதியின் மடியில் இருந்தது.  ஆலப்பாக்கம் தாண்டித் தொழிற்சாலைப் பக்கம் வண்டி வந்ததும், யாரும் சொல்லாமலே ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. முன் சீட்டுப் பெண்மணி முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டார். அப்படியும் அந்த நாற்றம் உள்ளே வந்துவிட்டது.

“மிஸ், எங்கப்பா மாத்தச் சொல்லல” என்றாள் இளமதி.

“என்னம்மா?”

“கதைய குடுக்க வேணாம்னுதான் சொன்னாராம். நேத்து கேட்டேன். மாத்தச் சொல்லவே இல்லயாம்.”

நான் ஜன்னல் கொக்கியைச் சரிபார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.  

அவள் பையிலிருந்து தாள்களை எடுத்தாள். பின்னை நகத்தால் நெம்பி, என் அரைப் பக்கத்தை மட்டும் தனியே பிரித்தாள். கோபமாக ஒன்றும் செய்யவில்லை. பரீட்சையில் கூடுதல் தாள் கொடுப்பது போல என்னிடம் நீட்டினாள். தன்னுடைய நான்கு தாளையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“இதுக்குத்தான் மிஸ் ஷீல்டு குடுத்தாங்க” என்று சொல்லி, கேடயத்தையும் தூக்கி என் மடியில் வைத்தாள். அவளுடைய நிறுத்தம் வந்தது. “வரேன் மிஸ்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

பேருந்து கிளம்பியது. கண்டக்டர் பின்னாலிருந்து வந்தவர், என் மடியைப் பார்த்து நின்றார்.

“ஃபர்ஸ்ட் பிரைஸா டீச்சர்? யாரு வாங்குனது, அந்தப் பொண்ணா?”

“இல்லங்க, நான்தான் வாங்கினேன்” என்றேன்.