ராமக்காள் கையில் எழும்பாத தடிப்பு

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையில் எனக்குக் கிடைத்தது ஒன்றரை வாக்கியம்தான். மாரண்டஹள்ளி பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர், “அந்தக் காலத்துல புளியங்கொட்டை மில்லுல ஊசி குத்தி மூச்சிரைப்பைக் கண்டுபுடிச்சாங்களாம். ஆனா...” என்றார். அதற்குள் பாலக்கோடு வந்துவிட்டது, இறங்கிப் போய்விட்டார். அந்த ‘ஆனா’வுக்குப் பின் வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

‘1944-இல், அரூருக்குப் பக்கத்தில், வானத்தையே மறைக்கும் தூசி கிளப்பிய மாபெரும்...’

(அடித்துவிட்டேன். மில் அவ்வளவு பெரியதில்லை. பாதி வானத்தைத்தான் மறைத்தது.)

யுத்த காலம். துணி நெய்யும் நூலுக்குக் கஞ்சி போட மாவு தேவைப்பட்டது. புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, அரைத்தார்கள். அரைக்கும் கொட்டகையில் ராமக்காளுக்கு வேலை. உள்ளே கால் வைத்த சற்று நேரத்தில் அவள் நெஞ்சு விசிலடிக்கும். வெளியே களத்தில் புளி தட்டும் வேலைக்கு மாற்றினால் போதும் என்று கேட்டாள். வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறாள் என்றார் முதலாளி. சேலத்திலிருந்து டாக்டர் இன்னாசியை வரவழைத்தார். புளியங்கொட்டைச் சாறு விட்டு ஊசி குத்திய இடம் தடித்தால் தூசி உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம், களம்; தடிக்காவிட்டால் கொட்டகை. அதோடு பேச்சு முடிந்தது.

3

டாக்டர், கொட்டையை ஊறவைத்து எடுத்த சாற்றில் ஒரு துளியைக் கைமேல் விட்டு, அதன் வழியே ஊசி முனையால் மெல்லக் குத்தினார். ராமக்காளின் கை மெழுகிய தரைபோலச் சும்மா இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, கூட வேலை செய்யும் தங்கம்மாளுக்கும் குத்தினார். தங்கம்மாள் பிறந்ததிலிருந்து தும்மியதே இல்லை. அவள் கையில் தேங்காய் அளவுக்கு...

(இட்லி அளவு. சரி, துவரம்பருப்பு அளவு. இந்தச் சோதனைக்கு அதுவே ஏராளம்.)

தனக்கு ஒன்றுமே இல்லையென்று தங்கம்மாள் தவித்தாள். கைதான் சாட்சி என்றார் டாக்டர். அவள் களத்துக்கு, ராமக்காள் கொட்டகைக்கு.

4

இந்த டாக்டரை முதலில் முட்டாளாகத்தான் எழுதினேன். நாலு வரியில் அலுத்துவிட்டது. இப்போது அவர் நல்லவர், படித்தவர். சோதனைக்கான கொட்டையைத் தன் கையாலேயே பொறுக்கியவர். அங்கேதான் பிடி கிடைத்தது. எனக்கல்ல, ராமக்காளுக்கு.

“எந்தக் கொட்டைய ஊற வெச்சீங்க?”

“களத்துல கெடந்ததுதாம்மா.”

“அது பச்சக் கொட்டைங்க. நான் முழுங்கறது வறுத்து அரைச்ச மாவு. கொட்டாயில நடக்கறத களத்துக் கொட்டைகிட்டக் கேட்டா, அது என்னாத்தச் சொல்லும்?”

டாக்டர் கொட்டகை உத்தரத்தில் படிந்திருந்த மாவைக் கோழி இறகால் தள்ளிப் பொட்டலம் கட்டினார். மறுநாள் புதுச் சாறு, புதுக் குத்து.

5

தடிப்பு எழக் கால்மணி நேரம் ஆகும். அதுவரை எனக்கு ஏது பொறுமை?

அ) தடிக்கிறது. ராமக்காள் களத்துக்குப் போகிறாள். எல்லோருக்கும் பிடிக்கும், அதனாலேயே எனக்குச் சந்தேகம்.

ஆ) தடிக்கவில்லை. தூசியில் மூச்சு திணறும் எல்லோருக்கும் தோல் சாட்சி சொல்வதில்லை.

இ) முதலாளிக்கும் ஒரு குத்து. அவர் கை தீர்த்தமலை உயரத்துக்கு வீங்கி... (இதை அடிக்கும்போது மட்டும் மனசு வலித்தது.)

இப்போது அந்த அறையைப் பாருங்கள். டாக்டர் பூதக்கண்ணாடியோடு கைமேல் குனிந்திருக்கிறார். முதலாளி கடிகாரத்தைப் பார்க்கிறார். பொட்டலம் பிரித்தபோது பறந்த துளி மாவிலேயே ராமக்காளின் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கிவிட்டது. வாசலில் நிற்கும் தங்கம்மாளுக்கே கேட்கிறது. கை மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை.

டாக்டரை நிமிரச் சொல்வதா, இன்னும் ஐந்து நிமிஷம் கையையே பார்க்கச் சொல்வதா? பேனாவை உங்கள் பக்கம் தள்ளிவிட்டேன். கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள், அவளுக்கு மூச்சு முட்டுகிறது.