குறுக்கிணைப்பு

ஒரு வலையமைப்புக் கேபிளினுள் எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். இரு முனைகளிலும் அவை ஒரே நிற வரிசையில் அமைந்தால் அது நேரிணைப்பு எனப்படும். சோதனைக் கருவியின் ஒரு பாதியை இம்முனையிலும் மறுபாதியை அம்முனையிலும் செருகினால், இரண்டிலும் ஒரே எண்ணுள்ள விளக்குகள் எரிதல் வேண்டும். நாற்பது வயதைக் கடந்தபின் வசந்தகுமாரி கற்ற பாடம் இது. தீவின் துறைமுகப் பகுதியான ஹேடோவிலுள்ள கப்பல் முகவர் அலுவலகத்தில், அவள் முதன்முறையாகத் தன் பெயரில் கையெழுத்திடவிருந்த சோதனை அறிக்கைக்கு ஒரே ஒரு கேபிள் மீதமிருந்தது.

அடுத்த அறையில் மறுபாதியைப் பிடித்திருந்த அவள் கணவன் நாகராஜ், எரியும் விளக்கின் எண்ணை வேலையிடத்து வழக்கப்படி இந்தியில் கூவினான்.

"தீன்!"

"சரியாப் பாருங்க. இங்க ஒண்ணுல்ல எரியுது."

"என் கண்ணு என்ன கச்சால் தீவுலயா கெடக்கு? தீன்தான். இப்ப சே!"

ஒன்று 'தீன்' என மூன்றாகவும், இரண்டு 'சே' என ஆறாகவும் மாறியிருந்தன. அம்முனையை அமைத்தவன் நாகராஜ். இன்னொரு பிழை நேர்ந்தால் அவனுக்குப் பதில் வேறு ஆள் என்று ஒப்பந்ததாரர் கோவிந்தராஜ் காலையில்தான் எச்சரித்திருந்தார்.

வசந்தகுமாரிக்குக் கோபம் வரவில்லை. வேகமான இணையம் தரும் கடலடிக் கேபிள் இந்தத் தீவுகளுக்கு வராத காலத்தில், டெலானிபூரில் நாகராஜ் கணினிக் கடை வைத்திருந்தான். ஒரு பாட்டு இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் ஹார்ட் டிஸ்க்கை நம்பியே கடை நடந்தது. ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு நேரடியாகப் பாட்டை அனுப்ப, ஒரு முனையில் மட்டும் கம்பிகளை மாற்றி அவன் குறுக்கிணைப்புக் கேபிள் செய்வான். தட்டச்சு வேலைக்கு வந்த வசந்தகுமாரியின் திரையில் ஒருநாள் பாட்டுக்குப் பதிலாக ஒரு வரி வந்தது: 'சாப்பிட்டீங்களா?' இருவருக்கும் இடையே ஒரு மேசைதான். வாயால் கேட்டிருக்கலாம். 'இன்னும் இல்லை' என்று அவளும் தட்டச்சு செய்தே அனுப்பினாள்.

அவன் கைகள் அந்தப் பழைய வேலையைத்தான் இன்றும் செய்திருந்தன.

"நெட் ஓடுதா?" என்று கேட்டபடி கோவிந்தராஜ் வந்தார். கம்பிகள் மாறியிருப்பதை அவள் சொன்னாள். "இப்போதைய கம்ப்யூட்டரெல்லாம் கம்பி மாறினாலும் தானே திருத்திக்கும்மா. பாஸ்னு எழுதிடு, போதும்."

எழுதினால் கணவனின் வேலை தப்பும், அறிக்கையோ பொய்யாகும்.

"ஓடும் சார். ஆனா இது நேரிணைப்பு இல்லை. ஃபெயில்."

"யார் போட்ட முனை?"

அவள் வாய் திறக்குமுன் நாகராஜ் கதவருகே வந்து நின்றான். "நான்தான். கடைப் பழக்கம்."

"பாத்தியாம்மா? நாளையிலேருந்து..."

"நாளைக்கும் இவர்தான் சார் வருவார். வேற ஆளோட நான் டெஸ்ட் பண்ண மாட்டேன். கையெழுத்தும் போட மாட்டேன்."

கோவிந்தராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "புருஷன் பொண்டாட்டியை வேலைக்கு வச்சது என் தப்பு. சீக்கிரம் முடிங்க" என்று முனகிக்கொண்டே வெளியேறினார்.

நாகராஜ் அந்த முனையை வெட்டி, எட்டுக் கம்பிகளையும் விரித்துப் பிடித்தான்.

"முதல் நிறம் எது, மேடம்ஜி?"

"வெள்ளை ஆரஞ்சு" என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.